சின்ன ஈ ஒளிந்திருந்த இடம்

காலை ஐந்தேகால் மணி. வீடே தூங்குகிறது. பின்னறைக் கதவின் கைப்பிடியைத் தொட்டவள் அப்படியே நின்றுவிட்டேன். உள்ளே ஒரு சத்தம். நனைந்த ரப்பர் செருப்பு தரையில் தேய்ந்தால் வருமே, அதைவிட மெல்லிசாக, அதைவிட வேகமாக, கீச் கீச் கீச் என்று. 25 நாளாக இந்தச் சத்தத்துக்குத்தான் காத்திருந்தேன். மிளகு குட்டி போட்டுவிட்டாள்!

வாருங்கள், நீங்களும் உள்ளே வாருங்கள். பூனை நடை நடந்து வரவேண்டும், அவ்வளவுதான். பெரிய விளக்கைப் போட வேண்டாம், இந்தக் கைவிளக்கு போதும். இந்த அறையில் ஒரு ரகசியம் வெளிப்படப்போகிறது என்பது அந்த நேரத்தில் எனக்கே தெரியாது.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு சாதாரண வரிசை வீடு எங்களுடையது. இந்த மாதிரிப் பின்னறையில் பெரும்பாலும் இஸ்திரி மேசையும் பழைய பெட்டிகளும் இருக்கும். எங்கள் வீட்டில் ஏழு கண்ணாடித் தொட்டிகள். மீன் தொட்டிகள்தான், ஆனால் தண்ணீருக்குப் பதிலாக ஒரு முழங்கை ஆழத்துக்கு மரச்சீவலும் காய்ந்த புல்லும் கிழித்த அட்டையும் நிரம்பியிருக்கும். மேலே கம்பிவலை மூடி. உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் தெருத்தெருவாகச் சுரங்கங்கள். அந்தத் தெருக்களில் குடியிருப்பவை ஜெர்பில்கள்.

ஜெர்பிலை நேரில் பார்க்காதவர்களுக்காக ஒரு வரி. சுண்டெலியைவிடப் பெரியது, 60 முதல் 100 கிராம் எடை, உடம்பின் நீளத்துக்கு ஒரு வால், அந்த வால் முழுக்க ரோமம், நுனியில் ஒரு குஞ்சம். பின்னங்காலில் எழுந்து நின்று, முன்னங்கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டு நம்மைப் பார்க்கும். ஆபத்து என்று பட்டால் பின்னங்காலால் தரையைத் தடதடவென்று தட்டும். மங்கோலியாவும் வடசீனாவும் இதன் சொந்த ஊர். நம் வயல்களில் வளை தோண்டும் வெள்ளெலி இருக்கிறதே, அது இதற்கு ஒன்றுவிட்ட உறவு. அதுவும் ஜெர்பில் குடும்பம்தான்.

இனி மூன்றாவது தொட்டிக்கு வாருங்கள். மூலையில் அட்டைத் துணுக்குகளைப் பஞ்சு மாதிரிப் பிய்த்துக் கட்டிய கூடு. அதன் மேல் படுத்திருக்கிறாள் மிளகு: கரிக்கட்டைக் கறுப்பு, நெற்றியில் மட்டும் பொட்டு வைத்தது போல ஒரு வெள்ளைப் புள்ளி. பக்கத்திலேயே கோதுமை, குட்டிகளின் அப்பா. ஜெர்பில் அப்பாக்களை நான் கொண்டாடுவேன். மிளகு எழுந்து தண்ணீர் குடிக்கப் போனதும் அவன் குட்டிகள் மேல் போய்ப் படுத்து அவற்றைச் சூடாக வைத்துக்கொண்டான். காட்டு நிறம் அவனுக்கு. முதுகில் பொன்னும் கறுப்பும் கலந்த மினுக்கு, வயிறு தூய வெள்ளை. வளர்ப்பவர்கள் இதைத் தங்க அகூட்டி என்பார்கள். அவன் முதுகு ரோமம் ஒன்றைத் தனியாக எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் மூன்று வண்ணம் தெரியும்: அடியில் சாம்பல், நடுவில் பொன், நுனியில் கறுப்பு. ஒரே ரோமத்தில்!

தொட்டியின் முகப்பில் கோதுமையின் அட்டை ஒட்டியிருக்கிறதல்லவா? அதைத்தான் உங்களுக்குக் காட்ட வேண்டும் என்று இவ்வளவு நேரம் துடித்துக்கொண்டிருக்கிறேன். பெயர், பிறந்த நாள், பெற்றோர். அதற்குக் கீழே ஆங்கில எழுத்துக்கூட்டம் ஒன்று. பெரிய ஏ சின்ன ஏ, பெரிய பி சின்ன பி, பெரிய ஈ ஒரு கோடு.

இது மிருகத்தின் ரோமத்துக்குள் இருக்கும் சமையல் குறிப்பு. ஒவ்வொரு எழுத்தும் ஒரு மரபணுவுக்கான அடையாளம். ஒவ்வொன்றும் இரண்டு பிரதி, ஒன்று அம்மா கொடுத்தது, மற்றொன்று அப்பா கொடுத்தது. பெரிய எழுத்து ஓங்கியது, ஒன்று இருந்தாலே வெளியே தெரியும். சின்ன எழுத்து ஒடுங்கியது, இரண்டும் சேர்ந்தால்தான் தலைகாட்டும். பள்ளிக்கூடத்தில் மெண்டலின் பட்டாணியோடு படித்த அதே பாடம். பட்டாணியில் படித்தபோது எனக்குக் கொட்டாவி வந்தது. அதே பாடம் வாலும் மீசையும் முளைத்து உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தபோது தூக்கம் போய்விட்டது.

அந்தக் கோடு? அதுதான் விஷயமே. பெரிய ஈ ஒன்று நிச்சயம் இருக்கிறது, நிறத்தைப் பார்த்தாலே தெரிகிறது. இரண்டாவது பிரதி பெரியதா சின்னதா என்று மிருகத்தை எத்தனை முறை புரட்டிப் பார்த்தாலும் தெரியாது. அதனால் கோடு போட்டு வைக்கிறோம். ஜெர்பில் வளர்க்கிறவர்களின் நோட்டுகளில் எழுத்துகளுக்கு நிகராகக் கோடுகள் இருக்கும். குட்டிகள் பிறந்து பிறந்துதான் ஒவ்வொரு கோடாக அழியும்.

கோதுமையின் அட்டையில் சில கோடுகள் ஏற்கெனவே அழிந்திருந்தன. அவன் அம்மா லைலாக், அதாவது வெள்ளிச் சாம்பலில் துளி ஊதா கலந்த நிறம், கண் மாதுளை முத்துச் சிவப்பு. லைலாக் ஆக வேண்டுமென்றால் சின்ன ஏ இரண்டும் சின்ன பி இரண்டும் வேண்டும். அவளிடம் வேறு எதுவும் இல்லை கொடுக்க. ஆகவே கோதுமை வெளியே தங்கமாக இருந்தாலும் உள்ளே ஒரு சின்ன ஏ, ஒரு சின்ன பி கட்டாயம் ஒளிந்திருக்கிறது. மிளகு கறுப்பு, எனவே அவளுக்கு இரண்டும் சின்ன ஏ. அவளுடைய முதல் ஈற்றில் ஐந்து குட்டிகளில் ஒன்று சிவப்புக் கண்ணோடு, இளஞ்சிவந்த பொன்னிறத்தில் வந்தது. ஆர்ஜெண்ட் என்பார்கள் அதை. அந்த ஒரு குட்டியால் மிளகின் பி-கோடும் அழிந்தது. அவளும் ஒரு சின்ன பி வைத்திருக்கிறாள்!

இந்த இரண்டு எழுத்தும் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்துவிட்டால் மீதி எல்லாம் விளையாட்டு. ரோமத்துக்கு இரண்டே மைதான் உண்டு: ஒன்று கறுப்பு-பழுப்பு மை, மற்றொன்று மஞ்சள்-சிவப்பு மை. பெரிய ஏ என்பது நேரம் பார்த்துக் குறுக்கிடும் ஒரு மேஸ்திரி. ரோமம் வளரும்போது நடுவில் கொஞ்ச நேரம் "கறுப்பை நிறுத்து" என்று சொல்வான். அந்த நேரத்தில் வளர்ந்த பகுதி பொன்னாகிவிடும். பிறகு விலகிக்கொள்வான், கறுப்பு திரும்பும். வயிற்றுப் பக்கம் வெளுத்திருப்பதும் அவன் கைங்கரியம்தான். சின்ன ஏ இரண்டானால் மேஸ்திரியே கிடையாது, தலை முதல் வால் வரை கறுப்பு. சின்ன பி இரண்டானால் கறுப்பு மை தயாரிக்கும் பட்டறை முக்கால்வாசி படுத்துவிடும், மஞ்சள் மைக்கு ஒன்றும் ஆகாது, கண்ணும் சிவந்துபோகும். இப்போது நீங்களே கணக்குப் போடுங்கள். தங்க அகூட்டியிலிருந்து கறுப்பை உருவிவிட்டால் பொன் மட்டும் மிஞ்சும்: ஆர்ஜெண்ட். முழுக் கறுப்பிலிருந்து கறுப்பை உருவினால் சாம்பல் நிழல் மட்டும் மிஞ்சும்: லைலாக். அழகாக இல்லை?

குட்டி பிறப்பதற்கு முந்தின வாரம் நானும் என் மகளும் சமையலறை மேசையில் உட்கார்ந்து பெரிய தாளில் புன்னட் கட்டம் போட்டோம், பெற்றோரின் எழுத்துகள் எப்படியெல்லாம் சேரலாம் என்று காட்டும் கட்டம் அது. அவளுக்கு ஒன்பது வயது. 16 கட்டம் வந்தது. ஆறு கட்டத்தில் அகூட்டி, ஆறு கட்டத்தில் கறுப்பு, இரண்டில் ஆர்ஜெண்ட், இரண்டில் லைலாக். ஒவ்வொன்றிலும் பாதிக்குப் பாதி நெற்றிப் பொட்டோடு. ஆக எட்டு விதமான குட்டிகள் வரலாம். மகள் கலர் பென்சிலால் 16 கட்டத்துக்கும் 16 எலி வரைந்து மீசையும் வைத்தாள். அந்தத் தாள் இன்னும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில்தான் தொங்குகிறது.

பொட்டுக்கு ஒரு தனிச் சங்கதி உண்டு, அதைச் சொல்லாமல் போகக் கூடாது. பொட்டுப் போட்ட இரண்டு ஜெர்பில்களை ஒருபோதும் ஜோடி சேர்க்கக் கூடாது. பொட்டுக்கான எழுத்து ஓங்கியது, ஒன்று இருந்தால் நெற்றியில் அலங்காரம். இரண்டு சேர்ந்தால் கரு பிறக்கும் முன்பே இறந்துவிடும். அப்படி ஜோடி சேர்த்தால் நாலில் ஒரு பங்கு குட்டிகள் உலகத்துக்கே வராது. மீதியில் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பொட்டுள்ளவையும் இல்லாதவையும் பிறக்கும். இந்த மாதிரி விசித்திரத்தை முதலில் கண்டவர் பிரான்ஸின் நான்சி நகரத்தில் இருந்த லூசியன் கேனோ. 1905-இல் அவர் மஞ்சள் சுண்டெலிகளை எவ்வளவு இனச்சேர்க்கை செய்தாலும் மஞ்சள் மட்டுமே ஈனும் மஞ்சள் எலி ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. 1910-இல் அமெரிக்காவில் காசிலும் லிட்டிலும் காரணத்தைச் சொன்னார்கள்: இரட்டைப் பிரதி வாங்கிய குட்டி கருவிலேயே மடிகிறது. நூற்றுப் பத்து ஆண்டுகளுக்கு மேலான அந்தக் கண்டுபிடிப்பு இன்று என் வீட்டுத் தொட்டியில் ஒரு விதியாக இருக்கிறது. பொட்டுப் போட்ட மிளகுக்குப் பொட்டில்லாத கோதுமை. அவ்வளவு அழகான பொட்டு இரண்டு கிடைத்தாலும் என் வீட்டில் சேராது.

சரி, கூட்டைப் பார்ப்போம். மிளகுக்கு ஒரு சூரியகாந்தி விதை லஞ்சம். அவள் வாங்கிக்கொண்டு மூலைக்குப் போகிறாள். ஒன்று, இரண்டு, மூன்று... ஆறு! ஒவ்வொன்றும் ஓட்டோடு இருக்கும் ஒரு நிலக்கடலை அளவு, எடை மூன்று கிராம்கூடத் தேறாது. ரோமமே இல்லை, காது ஒட்டிக் கிடக்கிறது, கண் மூடியிருக்கிறது. எல்லாம் ஒரே ரோஜா நிறம். இதில் என்ன நிறத்தைக் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். கண்டுபிடிக்கலாம்! மூடிய கண்ணிமைத் தோலுக்கு அடியில் உற்றுப் பாருங்கள். கறுப்புக் கண்ணாக இருந்தால் கடுகு பதித்தாற்போல் தெரியும். சிவப்புக் கண்ணாக இருந்தால் ஒன்றுமே தெரியாது. ஐந்து குட்டிகளுக்குக் கடுகு இருந்தது. ஒன்றுக்கு இல்லை. அந்த ஒன்று ஆர்ஜெண்ட் அல்லது லைலாக். முதல் நாளே இவ்வளவு!

மூன்றாம் நாள், நாலாம் நாள் தோலில் சாயம் ஊற ஆரம்பித்தது. இந்த நாட்களில் நான் அலுவலகத்திலிருந்து ஓட்டமும் நடையுமாகத்தான் வருவேன். சாயம் எப்படி வரும் தெரியுமா? பிலிம் சுருள் காலத்தில் ரசாயனத் தட்டில் போட்ட தாளில் உருவம் மெல்லக் கிளம்பி வருமே, அதே மாதிரி. இரண்டு குட்டிகளுக்கு உடம்பு முழுக்கச் சிலேட்டு நிறம்: கறுப்பு. இரண்டுக்கு முதுகு மட்டும் கருத்து, வயிறு வெளுத்தே இருந்தது: அகூட்டி. கறுப்பில் ஒன்றுக்கும் அகூட்டியில் ஒன்றுக்கும் நெற்றியில் ஒரு வட்டம் மட்டும் ரோஜா நிறமாகவே நின்றுவிட்டது. பொட்டு! மகளைக் கூப்பிட்டேன், அவள் தாளில் நாலு கட்டத்தில் டிக் அடித்தாள். கடுகுக் கண் இல்லாத குட்டி வெளிறிக் கிடந்தது, அது எதிர்பார்த்ததே.

ஆனால் ஆறாவது குட்டி?

அதற்குக் கடுகுக் கண் இருக்கிறது. அப்படியானால் தோல் கருத்திருக்க வேண்டும். கருக்கவில்லை. கடுகுக் கண் உள்ள மற்ற நாலும் சாயம் ஏறி நிற்க, இது மட்டும் வெளுத்த ரோஜா நிறத்தில், கூட்டத்துக்கு நடுவில் புரண்டுகொண்டிருந்தது. ஐந்தாம் நாள் பார்த்தேன், அப்படியே. ஆறாம் நாளும் அப்படியே. மகள் 16 கட்டத்தையும் விரல் வைத்துத் தேடினாள். "அம்மா, இந்தக் குட்டிக்குக் கட்டமே இல்லையே!"

இல்லைதான். என் அடிவயிற்றில் ஒரு ராட்டினம் சுற்றத் தொடங்கியது. ஏழாம் நாள் காலை எல்லாக் குட்டிகளுக்கும் பூனைமயிர் அரும்பியது. ஆறாவதின் முதுகில் அரும்பியது சர்க்கரைப் பாதாமி பழத்தின் நிறம். சுத்தமான ஆரஞ்சு. கறுப்புக் கண்ணோடு!

எனக்குத் தோன்றியவை இரண்டே விடை. இரண்டுக்கும் காரணம் ஒரே எழுத்து: சின்ன ஈ. ("ஈயா? எங்கேம்மா?" என்று மகள் சன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அன்று முதல் எங்கள் வீட்டில் அந்த எழுத்துக்கு இரண்டு இறக்கை முளைத்துவிட்டது.) நிறம் செய்யும் செல்லின் மேல் ஒரு கதவு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கதவு வழியாகத்தான் "கறுப்பு மை செய்" என்ற உத்தரவு உள்ளே போக வேண்டும். பல பாலூட்டிகளில் ஈ என்று குறிக்கப்படும் இடம் அந்தக் கதவுதான். மனிதரில் செம்பட்டை முடிக்குக் காரணமானதும் இதே கதவில் உள்ள கோளாறு. சின்ன ஈ இரண்டு சேர்ந்தால் கதவு சரியாகத் திறக்காது, செல் மஞ்சளையே செய்துகொண்டிருக்கும். கண்ணுக்கு அதனால் பாதிப்பில்லை, அது கறுப்பாகவே இருக்கும்.

இப்போது அந்த இரண்டு விடை. சின்ன ஈ இரண்டோடு மேஸ்திரி பெரிய ஏ-யும் இருந்தால் டார்க் ஐட் ஹனி, கருங்கண் தேன் நிறம். மேஸ்திரி இல்லாமல் சின்ன ஏ இரண்டாக இருந்தால் நட்மெக், அதாவது ஜாதிக்காய் நிறம். குட்டிப் பருவத்தில் முதுகைப் பார்த்தால் இரண்டும் ஆரஞ்சு, வித்தியாசம் சொல்வது கஷ்டம். கோதுமையை எனக்குக் கொடுத்த பாட்டியம்மாவுக்குப் போன் செய்தேன். என் தாயார் வயது, பல வருஷமாக ஜெர்பில் வளர்ப்பவர். நான் மூச்சுவிடாமல் சொல்லி முடித்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி: "வயிற்றைப் பார்த்தாச்சா?"

வயிறு! நானே உங்களிடம் சொன்னேனே, வயிற்றை வெளுப்பாக வைப்பது மேஸ்திரியின் வேலை என்று. மேஸ்திரி இருந்தால் வயிறு வெள்ளை. இல்லாவிட்டால் வயிறும் முதுகோடு சேர்ந்து ஆரஞ்சு. பத்தாம் நாள் வரை பொறுத்தேன், வயிற்றில் ரோமம் நன்றாகத் தெரிய வேண்டுமே. கையை அவர்கள் தொட்டி மரச்சீவலில் நன்றாகத் தேய்த்து வாசனையை ஏற்றிக்கொண்டு, குட்டியை உள்ளங்கையில் வைத்து மெல்லப் புரட்டினேன். வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது, ஜெர்பில் வாலின் தோல் உறை மாதிரி கழன்று வந்துவிடும்.

ஆரஞ்சு வயிறு. ஜாதிக்காய்! பெயரும் அந்த நிமிஷமே வைத்தாயிற்று.

அந்தக் கணம் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சின்ன ஈ இரண்டு வேண்டும் என்றால் ஒன்று மிளகு கொடுத்திருக்க வேண்டும், மற்றொன்று கோதுமை. இரண்டு பேரும் தலைமுறை தலைமுறையாக அதைச் சட்டைப்பைக்குள் ஒளித்து வைத்திருந்திருக்கிறார்கள். ஒருவர் முகத்திலும் அதன் சாயல் இல்லை. முதல் ஈற்றில் ஐந்து குட்டிகளில் ஏன் வரவில்லை? அதற்கும் கணக்கு உண்டு. ஒவ்வொரு குட்டிக்கும் தப்பிக்கும் வாய்ப்பு நாலில் மூன்று. ஐந்து குட்டியும் தொடர்ந்து தப்பிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 24 சதவீதம். அதாவது நாலு முறைக்கு ஒரு முறை இப்படி ஏமாற்றிவிடும். ஐந்து குட்டியைப் பார்த்து "இவர்களிடம் இல்லை" என்று எழுதியிருந்தால் தப்பாகியிருக்கும். நல்லவேளை, கோடு போட்டு வைத்திருந்தேன்.

பாட்டியம்மா தன் பழைய பேரேட்டைப் புரட்டிவிட்டு மறுநாள் கூப்பிட்டார். கோதுமையின் லைலாக் அம்மாவுக்குத் தாத்தா ஒரு டார்க் ஐட் ஹனி! அவனிடம் இரண்டும் சின்ன ஈ, ஆகவே அவன் பிள்ளைக்கு ஒன்று நிச்சயம். பேத்தி லைலாக்குக்குப் பாதி வாய்ப்பு. கோதுமைக்கு நாலில் ஒன்று. இரண்டு முறையும் காசு ஒரே பக்கம் விழுந்திருக்கிறது. மிளகோ செல்லப்பிராணிக் கடையிலிருந்து வந்தவள், அவள் பெற்றோர் யார் என்று யாருக்கும் தெரியாது. இப்போது அவர்களைப் பற்றி ஒரு சேதி தெரியும்: அவர்களில் ஒருவரிடமாவது சின்ன ஈ இருந்தது. முகம் தெரியாத ஒரு மிருகத்தைப் பற்றி அதன் பேரக்குட்டியின் வயிற்றைப் பார்த்துச் சொல்ல முடிகிறது. இதற்காகத்தான் இந்த ஏழு தொட்டியும்.

இவ்வளவு நிறமும் எவ்வளவு சின்ன இடத்திலிருந்து வந்தது என்று நினைத்தால் எனக்கு இன்னும் மலைப்பு. ஆர்மாண் தாவீது என்ற பிரெஞ்சுப் பாதிரியார், பிற்பாடு 1869-இல் பாண்டாவை மேற்குலக அறிவியலுக்கு அறிமுகம் செய்தாரே அவரேதான், சீனாவிலிருந்து பாரிஸ் அருங்காட்சியகத்துக்கு இந்த மிருகத்தை அனுப்பினார். 1867-இல் மில்ன் எட்வர்ட்ஸ் அதற்கு அங்குயிகுலேட்டஸ் என்ற பின்சொல்லை வைத்தார்; இன்று அதன் முழு அறிவியல் பெயர் மெரியோனஸ் அங்குயிகுலேட்டஸ். மெரியோனஸ் ஹோமரின் காவியத்தில் வரும் ஒரு வீரன், பின்சொல்லுக்கு நகமுடையது என்று பொருள். உள்ளங்கையில் தூங்கும் இந்தப் பூஞ்சை உடம்புக்கு நகமுள்ள போர்வீரன் என்று பெயர்! பிறகு 1935-இல் அமூர் ஆற்றுப் படுகையில் பிடித்த 20 ஜோடிகள் ஜப்பானுக்குப் போயின. அவற்றின் வழித்தோன்றல்களில் 11 ஜோடிகளை 1954-இல் அமெரிக்காவில் விக்டர் ஷ்வெண்ட்கர் ஆராய்ச்சிக்காக வரவழைத்தார். அவற்றில் இனம் பெருக்கியவை ஐந்து பெண், நாலு ஆண். ஒன்பதே பேர். 1964-இல் அங்கிருந்து பிரிட்டனுக்கு. அப்போது ஜெர்பில் என்றால் ஒரே நிறம்தான், கோதுமையின் நிறம். பிறகு எங்கோ ஒரு கூண்டில் ஒரு கறுப்பு, எங்கோ ஒரு வெள்ளை, எங்கோ ஒரு பொட்டு. கவனித்தவர்கள் தனியாக எடுத்து வைத்தார்கள், குறித்து வைத்தார்கள். சின்னக் குடும்பத்துக்குள்ளேயே கல்யாணம் நடக்கும்போது ஒளிந்திருக்கும் சின்ன எழுத்துகள் ஒன்றையொன்று சந்திக்கும் வாய்ப்பு கூடுமல்லவா?

வந்ததே வந்தீர்கள், மற்றத் தொட்டிகளையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். இரண்டாவதில் இருப்பவன் போலார் ஃபாக்ஸ், பனிநரி. ஜாதிக்காயிடம் இருக்கும் அதே சின்ன ஈ இரண்டு, கூடவே சின்ன ஜி இரண்டு. சின்ன ஜி மஞ்சளை வெளுக்கவைக்கும். அதனால் தேன் வெளுத்துப் பனியாகிவிட்டது. அகூட்டியில் சின்ன ஜி இரண்டு சேர்ந்தால் சாம்பல் அகூட்டி, கறுப்பில் சேர்ந்தால் சிலேட்டு.

நாலாவதில் என் சயாமிஸ் சகோதரிகள். சயாம் பூனையைப் பார்த்திருப்பீர்களே, உடம்பு வெளுத்து, மூக்கும் காதும் வாலும் பாதமும் கருத்து. இவர்களும் அப்படியேதான், காரணமும் அதேதான். சி என்ற இடத்தில் உள்ள மரபணு செய்யும் நொதி சூட்டைத் தாங்காது. உடம்பின் நடுப்பகுதி வெதுவெதுப்பாக இருப்பதால் அங்கே அது வேலை செய்யாது, குளிர்ந்த ஓரங்களில்தான் கறுப்பைச் செய்யும். ஆக இவர்களின் கறுத்த வால் ஒரு வெப்பமானி! ஜெர்பிலில் இந்த இடத்தில் இப்படி இரண்டு விதமான சின்ன எழுத்துகள் இருக்கின்றன. இரண்டாவது விதம் உண்டு என்பதை பெத்ரெய் என்ற ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் 2001-இல் ஒரு மரபியல் ஆய்விதழில் எழுதினார்கள். ஒரு விதம் இரண்டு வந்தால் பர்மிஸ், இரண்டு விதமும் ஒவ்வொன்று வந்தால் சயாமிஸ், மற்ற விதம் இரண்டு வந்தால் உடம்பு வெள்ளை, வளர வளர வால் மட்டும் கருக்கும்.

இந்த உற்சாகத்தில் ஒன்றை மறந்துவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். நிறத்தை நான் மூன்றாவதாகத்தான் பார்க்கிறேன். முதலில் உடல்நலம், இரண்டாவது குணம். கையில் எடுத்தால் பதறும் மிருகம் எவ்வளவு அபூர்வ நிறமாக இருந்தாலும் அதன் வழி என் வீட்டில் நீளாது. ஒவ்வொரு குட்டிக்கும் போகும் வீடு முன்பே முடிவாகியிருக்க வேண்டும், அதுவும் ஜோடி ஜோடியாக, ஏனென்றால் ஜெர்பில் தனிமையில் வாடிவிடும். குட்டி போட்ட அன்றே அம்மா அடுத்த ஈற்றுக்குச் சினைப்பட்டுவிடக் கூடியவள். பால் குடிக்கும் குட்டிகள் இருந்தால் அடுத்த கரு வயிற்றுக்குள் நிதானமாகக் காத்திருக்கும், அந்தச் சூல் ஆறு வாரம் வரைகூட நீளும். அதனால் எப்போதும் அடுத்த ஈற்றுக்கும் சேர்த்து வீடு தேடிக்கொண்டிருப்பேன். ஜோடி சேர்ப்பதற்கும் அவசரம் கூடாது. அறிமுகமில்லாத இரண்டு ஜெர்பிலை நேராக ஒன்றாக விட்டால் ரத்தக்களரி. தொட்டிக்கு நடுவில் கம்பித் தடுப்பு வைத்து, தினமும் பக்கம் மாற்றி மாற்றி விட்டு, ஒரு வாரத்துக்கு மேல் ஒருவர் வாசனை மற்றவருக்குப் பழக வேண்டும். மிளகும் கோதுமையும் முதன்முதலில் ஒருவரையொருவர் நக்கிச் சுத்தம் செய்த அந்தச் சாயங்காலம் நான் அறையிலேயே பாய் விரித்துப் படுத்துக் காவல் இருந்தேன்.

பதினெட்டாம் நாள் குட்டிகளின் கண் திறந்தது. சிவப்புக் கண் குட்டி லைலாக், பாட்டியை உரித்து வைத்திருக்கிறாள், அதே வெள்ளிச் சாம்பல். ஜாதிக்காயின் கண் மட்டும் ஆரஞ்சு முகத்தில் மை தீட்டினாற்போல் பளிச்சென்று இருந்தது.

இதோடு முடியவில்லை. ஜாதிக்காய் நிறம் இரண்டு அங்கமுள்ள நாடகம். ஏழு, எட்டு வாரத்தில் குட்டி ரோமம் உதிர்ந்து பெரிய ரோமம் வரும்போது, சரியாகத் திறக்காத அந்தக் கதவின் இடுக்கில் கொஞ்சம் கறுப்பு கசியும். ஆரஞ்சு ரோமத்தின் நுனிகளில் மெல்லக் கறுப்புத் தூவி, ஜாதிக்காயைத் துருவித் தூவியது போல ஆகிவிடும். மற்றக் குட்டிகள் தங்கள் வீடுகளுக்குப் போய்விட்டன. ஜாதிக்காயும் லைலாக் அக்காவும் மட்டும் எங்களோடு ஐந்தாவது தொட்டியில். இரண்டும் பெண், ஒன்றாகவே இருக்கலாம்.

நேற்றுச் சாயங்காலம் மகள் கத்தினாள். ஓடினேன். தொட்டி மூலையில் பின்னங்காலில் நின்று அட்டைக் குழலைக் கொறித்துக்கொண்டிருந்தாள் ஜாதிக்காய். மூக்கிலிருந்து காதுகளுக்குப் பின்னால் வரை கறுப்புத் தூவல் வந்துவிட்டது. தோளில் ஒரு கோடு, அதற்கு இந்தப் பக்கம் துருவிய ஜாதிக்காய், அந்தப் பக்கம் இன்னும் குட்டி ஆரஞ்சு.

மூன்றாவது தொட்டிக்குப் போய் அட்டைகளைக் கழற்றி எடுத்து வந்தேன். மகள் அழிப்பானை எடுத்து மிளகின் அட்டையில் ஒன்று, கோதுமையின் அட்டையில் ஒன்று, இரண்டு கோட்டையும் அழித்துவிட்டு அந்த இடத்தில் கவனமாகச் சின்ன ஈ எழுதினாள். இரண்டுக்கும் இறக்கையும் வரைந்தாள்.